எந்தப் படத்திற்கு எந்தக் கோப்பு?

திறன்பேசியில் எடுக்கும் படமும் பள்ளி ஆண்டு மலரில் இடம்பெறும் படமும் புலனத்தில் வரும் வாழ்த்து அட்டையும் நம் கண்ணுக்குப் படங்கள். கணினிக்கோ அவை எண்களின் தொகுப்பு. அந்த எண்களை எப்படிச் சேமிப்பது என்பதைக் கோப்பு வடிவம் தீர்மானிக்கிறது. ஒரு படத்தில் எது நிலைத்திருக்கும், எது மறைந்துபோகும் என்பதும் அதனைப் பொறுத்தே அமைகிறது.

இத்தகைய படங்கள் சிறு சிறு வண்ணக் கட்டங்களால் ஆனவை. ஒவ்வொரு கட்டமும் படப்புள்ளி அல்லது பிக்சல் எனப்படும். வண்ணப் பாசிமணிகளை வரிசையாகக் கோத்து உருவம் அமைப்பதற்கு இதனை ஒப்பிடலாம். தொலைவிலிருந்து பார்த்தால் உருவம் தெரியும். மிக அருகில் சென்றால் மணிகள் மட்டுமே தெரியும். சிறிய படத்தைப் பெரிய பதாகைக்காக விரிவாக்கும்போது, அது தெளிவின்றிக் கட்டம் கட்டமாகத் தெரிவதற்குக் காரணம் இதுவே.

1957-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர் ரசல் கிர்ஷ், தம் கைக்குழந்தையின் ஒளிப்படத்தை வருடியின் மூலம் கணினியில் ஏற்றினார். பக்கத்திற்கு 176 கட்டங்கள் வீதம், அப்படத்தில் 30,976 படப்புள்ளிகளே இருந்தன. இன்று 4,000 கட்ட அகலமும் 3,000 கட்ட உயரமும் கொண்ட படத்தில் 12 மில்லியன் படப்புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியிலும் உள்ள சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றின் அளவைக் குறிக்க 3 பைட் தேவை. ஆகவே, ஒரே படம் 36 மெகாபைட் இடத்தை அடைத்துக்கொள்ளும். இதனால்தான் கோப்புகளைச் சுருக்க வேண்டியுள்ளது.

சுருக்கும் முறைகள் இருவகைப்படும். ஒரு வரிசையில் 500 புள்ளிகள் ஒரே நீலமாக இருந்தால், ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுதாமல் ‘நீலம், 500 முறை’ எனக் குறித்துவிடலாம். இதில் எந்தத் தகவலும் அழியாது. இஃது இழப்பற்ற சுருக்கம். கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுணுக்கங்களை நீக்கிவிடுவது மற்றொரு முறை. இஃது இழப்புள்ள சுருக்கம்.

1992-இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் வடிவம் இழப்புள்ள சுருக்கத்தைப் பயன்படுத்துகிறது. மனிதக் கண் ஒளியின் ஏற்ற இறக்கத்தை உணரும் அளவுக்கு நிறத்தின் சிறு வேறுபாட்டை உணர்வதில்லை. எனவே, ஜேபெக் நிறத் தகவலையே அதிகம் குறைக்கிறது. இயற்கைக் காட்சி, மனித முகம் போன்ற ஒளிப்படங்களுக்கு இவ்வடிவம் ஏற்றது. ஆனால், எழுத்துகளும் கோடுகளும் நிறைந்த படங்களில் விளிம்புகள் மங்கிவிடும். மேலும், படத்தைத் திருத்தித் திருத்தி மீண்டும் சேமிக்கும்போது ஒவ்வொரு முறையும் தரம் சற்றுக் குறையும். வெறுமனே நகலெடுப்பதால் தரம் குறையாது.

1987-இல் அறிமுகமான ஜிஃப், அதிகபட்சம் 256 நிறங்களைக் கொண்டது. சிறிய அசைவுப் படங்களுக்கு அது பொருந்தும். அதில் பயன்படுத்தப்பட்ட சுருக்க முறைக்குக் காப்புரிமை இருந்ததால், பின்னாளில் உரிமக் கட்டணம் கோரப்பட்டது. அதற்கு மாற்றாக, எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தும் வகையில் 1996-இல் வெளிவந்ததே பிஎன்ஜி. இஃது இழப்பற்ற சுருக்கத்தைப் பயன்படுத்துகிறது. பின்னணியை ஒளி ஊடுருவும்படி விடவும் இதில் முடியும். பள்ளிச் சின்னத்தைப் பதாகையின் மீது வெள்ளைக் கட்டமின்றிப் பொருத்த இதுவே துணைபுரிகிறது. திரைப்பிடிப்பு, வரைபடம் ஆகியவற்றுக்கும் இது சிறந்தது.

ஆவணக் காப்பகங்களும் அச்சகங்களும் டிஃப் வடிவத்தைப் பெரிதும் நாடுகின்றன. கோப்பு பெரிதாக இருப்பினும், தகவல் இழப்பின்றிச் சேமிக்க அதில் வழியுண்டு.

இவ்வேறுபாடுகள் வெறும் தொழில்நுட்பச் செய்திகள் அல்ல. ஒரு குடும்பத்திடம் தோட்டத்தில் வாழ்ந்த பாட்டனார், பாட்டியாரின் ஒரேயோர் ஒளிப்படம் இருப்பதாகக் கொள்வோம். அதனை வருடி, புலனத்தில் படமாக அனுப்பிவிட்டு மூலக்கோப்பை அழித்துவிட்டால், எஞ்சுவது சுருக்கப்பட்ட படம் மட்டுமே. பின்னர் அதனைப் பிஎன்ஜியாக மாற்றினாலும், இழந்த நுணுக்கங்கள் மீண்டு வாரா. கோப்புப் பெயரின் இறுதி எழுத்துகளை மாற்றுவதாலும் பயனில்லை; பெயர் மாறுமே தவிர வடிவம் மாறாது. மூலப்படத்தை டிஃப் அல்லது பிஎன்ஜி வடிவில் பாதுகாத்து, பகிர்வதற்கு மட்டும் ஜேபெக் நகலைப் பயன்படுத்துவதே சிறந்த வழி.

ஆகவே, படத்தைச் சேமிக்கும்முன் அதன் பயன் என்ன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பகிர்வதற்கான படம் சிறிதாக இருக்கலாம். தலைமுறைகளுக்காகக் காக்க வேண்டிய படம் முழுமையாக இருக்க வேண்டும்.