வண்டி வாங்கும் முன் தராசில் வையுங்கள்

அரிசிச் சிப்பம் ஒன்றில் அரைக் கிலோ குறைந்தாலும் ஆலைக்காரரிடம் கேட்காமல் விடமாட்டோம். மஞ்சளைக் கையில் உடைத்துப் பார்த்த பிறகுதான் விலை பேசுவோம். ஆனால் லட்சக்கணக்கில் பணம் கொடுத்துச் சரக்கு வண்டி வாங்கும்போது, பெயிண்டின் மினுமினுப்பைப் பார்த்தே முன்பணம் கொடுத்துவிடுகிறோம்.

முன்பெல்லாம் சொந்த வண்டி என்பது பெரிய மண்டிக்காரர்களின் வசதி. 2005-ல் டாடா ஏஸ் வந்த பிறகு சிறு மளிகைக் கடைக்காரர்களும் சொந்த வண்டியில் ரங்கே கவுடர் வீதிக்குச் சரக்கெடுக்க வருகிறார்கள். வியாபாரம் வளர்ந்ததும் அடுத்து நினைப்பது, மழைக்கும் வெயிலுக்கும் அஞ்சாத மூடிய கன்டெய்னர் வண்டி. பாடி கட்டுவதில் பெயர் பெற்ற நாமக்கல்லும் திருச்செங்கோடும் நமக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. நல்ல வேலைக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. நல்ல வேலையை அடையாளம் காணத்தான் நாம் பழக வேண்டும்.

நாமும் ஒருமுறை ஏமாந்தவர்களே. புதுப் பெயிண்ட் அடித்த பழைய கன்டெய்னர் வண்டி ஒன்றை வாங்கி, ஐப்பசி மழையில் கவுந்தப்பாடியிலிருந்து வெல்லம் ஏற்றி வந்தோம். கோவையில் கதவைத் திறந்தபோது முன்பக்கம் இருந்த பத்து மூட்டைகள் கசிந்து பாகாகிக் கிடந்தன. கூரை மூலையில் இருந்த ஓட்டையை மக்கு பூசி, மேலே பெயிண்ட் அடித்து மறைத்திருந்தார்கள். அந்தப் பாடத்தையே இங்கே எழுதுகிறோம்.

முதல் சோதனை எடை. டீசல் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, டிரைவரை இறக்கிவிட்டுக் காலி வண்டியை எடை மேடையில் ஏற்றுங்கள். ஆர்.சி.யில் எழுதியுள்ள காலி எடையோடு ஒப்பிடுங்கள். மொத்த அனுமதி எடையில் காலி எடையைக் கழித்தால் வருவதே நாம் ஏற்றக்கூடிய சரக்கு. உதாரணமாக, 7,000 கிலோ அனுமதியுள்ள வண்டியின் காலி எடை 3,400 என்றால் 3,600 கிலோ ஏற்றலாம். தகடும் இரும்பும் கூடிக் காலி எடை 3,700 ஆனால் 3,300 கிலோதான். 300 கிலோ என்பது 25 கிலோ சிப்பம் 12. ஆண்டுக்கு 100 நடை ஓடினால் 30 டன் சரக்கு போச்சு! "கனமான பாடி, உறுதியான பாடி" என்ற பேச்சை அப்படியே நம்ப வேண்டாம்.

பரவாயில்லை என்று கூடுதலாக ஏற்றவும் முடியாது. 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி, அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். கூடுதல் சரக்கை இறக்கும் செலவும் நம் தலையில்தான்.

இரண்டாவது, வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். பாடியின் பலம் பக்கத் தகட்டில் இல்லை. தளத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களிலும், அவற்றைச் சேஸோடு பிடிக்கும் யூ போல்ட்டுகளிலும் இருக்கிறது. சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று பேசும். துருப்பிடித்தது மந்தமாகப் பேசும். சேஸில் வெல்டிங் ஒட்டு இருந்தால் காரணம் கேளுங்கள். அடியில் மட்டும் புதிதாகக் கருப்புப் பெயிண்ட் அடித்திருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

மூன்றாவது, நல்ல வெயிலில் உள்ளே ஒருவர் நிற்க, கதவைச் சிறிது நேரம் சாத்துங்கள். வெளிச்சம் வரும் இடமெல்லாம் தண்ணீரும் வரும். பிறகு கூரை இணைப்பிலும் கதவோரத்திலும் கால் மணி நேரம் குழாய்த் தண்ணீர் அடித்துப் பாருங்கள். இந்தச் சோதனைக்குச் சம்மதிக்காதவரிடம் வாங்க வேண்டாம்.

நான்காவது, மூக்குக்கு வேலை கொடுங்கள். முன்பு மீன், பூச்சி மருந்து, உரம் ஏற்றிய வண்டியின் வாடை தளத்துப் பலகையில் ஊறிப்போயிருக்கும். அரிசியும் தேயிலையும் அந்த வாடையை இழுத்துக்கொள்ளும். தளத் தகட்டின் ஓரத்தைக் கையால் தடவிப் பாருங்கள். கை கீறினால் சாக்கும் கிழியும்.

ஐந்தாவது, ஒரு பக்கச் சக்கரத்தை மேட்டில் ஏற்றி நிறுத்திப் பின்கதவைத் திறந்து மூடுங்கள். கதவு இறுகினால் பாடி முறுக்கிக்கொள்கிறது என்று பொருள்.

காகிதங்களையும் இதே கண்ணோடு பாருங்கள். ஆர்.சி.யில் பாடியின் வகை நேரில் உள்ளதோடு ஒத்திருக்க வேண்டும். சேஸ் எண், வரி, பைனான்ஸ் பாக்கி, எஃப்.சி. தேதி ஆகியவற்றைச் சரிபாருங்கள். எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை எஃப்.சி.; அதற்குப் பின் ஆண்டுதோறும் என்பதால், பழைய வண்டியின் விலையில் அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இன்சூரன்ஸ் மதிப்பில் பாடியின் விலையும் சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள்.

புதிதாகக் கட்டுபவர்கள் தகட்டின் கனம், சட்டங்களின் இடைவெளி, முடிந்த பாடியின் எடை மூன்றையும் ஆர்டரில் எழுதி வாங்குங்கள். பெயிண்ட் அடிக்கும் முன் ஒரு நாள் பட்டறைக்கு நேரில் போங்கள். வெல்டிங்கை அன்றைக்குத்தான் கண்ணால் பார்க்க முடியும்.

இத்தனைக்கும் ஆவது ஒரு நாள் பொழுதும், எடை மேடைச் சீட்டுக்குச் சிறு தொகையும்தான். தராசைக் கடையில் மட்டும் வைத்துவிடாமல், வண்டி வாங்கப் போகும் இடத்துக்கும் எடுத்துச் செல்வோம்.