ஓடாத டிரிப், அடைத்துக்கொண்ட வடிகால்

நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை 2001இல் 7,62,141. 2011இல் 7,35,394. அந்தப் பத்தாண்டில் தமிழ்நாட்டிலேயே மக்கள்தொகை குறைந்த மாவட்டம் இது ஒன்றுதான். ஊட்டி நகராட்சியில் 93,987 பேர் இருந்தது 88,430 ஆனது. குன்னூரும் 50 ஆயிரத்திலிருந்து 45 ஆயிரத்துக்கு இறங்கியது. உள்ளாட்சிகளுக்கு நிதி பிரிக்கும்போது முதலில் பார்ப்பது மக்கள்தொகையைத்தான். ஆகவே இந்த மலைக்கு வரும் பணம், இங்கே குடியிருக்கும் தலைகளை எண்ணி வருகிறது.

சாலையைத் தேய்ப்பவர்கள் வேறு. ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் மலையேறுகிறார்கள். சீசன் நாளில் 20 ஆயிரம் வாகனங்கள் வரை வருகின்றன என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. அதன் பிறகுதான் அந்த ஆண்டு மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் வார நாட்களுக்கு 6 ஆயிரம், வார இறுதிக்கு 8 ஆயிரம் வாகனங்கள் என்று நீதிமன்றம் உச்சவரம்பு வைத்தது. அரசுப் பேருந்துக்கும் ரயிலுக்கும் உள்ளூர் வண்டிகளுக்கும் விலக்கு உண்டு. நல்ல உத்தரவு. ஆனால் காரைக் குறைத்தால் ஆட்கள் எதில் ஏறுவார்கள், அந்த வண்டி எந்தச் சாலையில் ஓடும் என்ற கேள்விக்கு இன்னும் நிதியோடு கூடிய பதில் இல்லை. அந்த இடத்தில்தான் ஆபத்து வளர்கிறது.

முதலில் சாலை. மலைச்சாலையின் உயிர் தார் அல்ல, மேட்டுப் பக்கம் ஓடும் வடிகால். குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் வழியில் எங்கு வேண்டுமானாலும் இறங்கிப் பாருங்கள். சில்வர் ஓக் சருகு, சிப்ஸ் பாக்கெட், மேலே வீடு கட்டத் தோண்டிக் கொட்டிய செம்மண். இவை மூன்றும் சேர்ந்து சிறுபாலத்தின் வாயை அடைத்திருக்கும். மழை வந்தால் தண்ணீர் வடிகாலை விட்டுச் சாலைக்கு ஏறும். தாரின் மேல்பூச்சை உரித்துக்கொண்டு பள்ளத்துப் பக்கம் பாயும். அங்கே தடுப்புச் சுவருக்குப் பின்னால் இருக்கும் மண் ஊறும், கனக்கும், ஒருநாள் சுவரோடு இறங்கும். மேலே குழி விழுந்தது நம் கண்ணில் படும். கீழே மண் ஊறுவது படாது. ஒவ்வொரு சீசனுக்கு முன்பும் போடும் பேட்ச் வொர்க் கண்ணுக்குத் தெரியும் குழியைத்தான் மூடுகிறது.

இங்கே பெய்வது சாதாரண மழையும் அல்ல. 2009 நவம்பர் 10 அன்று கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த நாட்களின் நிலச்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் மாண்டனர், சாலைகள் துண்டு துண்டாயின. 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. சரிவுகளில் இரும்புக் கம்பிகளைச் செலுத்தி, மேலே புல் வளர்க்கும் முறையை நெடுஞ்சாலைத் துறை அண்மை ஆண்டுகளில் கையாண்டு வருகிறது. வரவேற்க வேண்டியது. ஆனால் அது செலவு மிக்க வேலை, பெரிய சாலைகளுக்கு மட்டும் கிடைப்பது. மண்வெட்டியோடு ஆள் வைத்து வடிகால் வாருவது அதில் ஒரு சிறு பங்குதான் ஆகும். திறப்பு விழா இல்லாத வேலை என்பதால் அதுவே முதலில் கைவிடப்படுகிறது.

மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று ஐந்தாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் தொடங்கி, நீலகிரிக்கென்று மத்திய அரசின் தனி உதவியைக் கொண்டுவந்தது. 2015-16 முதல் அந்த உதவி நின்றது. மாநில அரசு தன் பணத்தில் சிறப்புப் பகுதி மேம்பாட்டுத் திட்டம் நடத்துகிறது. ஆனாலும் ஒரு ஊராட்சிச் சாலைக்கு ஆண்டுதோறும் பராமரிப்புப் பணம் நிச்சயம் வரும் என்ற உறுதியை அது தருவதில்லை. எஸ்டேட் சாலைகளின் நிலை இன்னும் மோசம். அது தோட்டத்துக்குச் சொந்தமான சாலை, பொதுப் பணம் போட முடியாது என்று கோப்பு திரும்பும். தோட்டமோ, தேயிலை விலையைக் காட்டிக் கையை விரிக்கும். தோட்டத் தொழிலாளரின் லைன் வீடுகளுக்குப் பேருந்து போகாததற்கு இது ஒன்றே போதும்.

இனி பேருந்து. நீலகிரியில் பேருந்து என்றால் பெரும்பாலும் அரசுப் பேருந்துதான், அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கோவைக் கோட்டத்தின் கீழ் ஓடுவது. ஏற்றத்தில் டீசல் அதிகம் குடிக்கும். இறக்கத்தில் பிரேக் தேயும். கொண்டை ஊசி வளைவுகளில் டயர் தேயும். சமவெளியைவிடக் கிலோமீட்டருக்குச் செலவு கூடுதல், ஏறும் ஆட்கள் குறைவு. கடைசியாகக் கட்டணம் உயர்ந்தது 2018 ஜனவரியில். அப்போது சென்னையில் டீசல் லிட்டர் 65 ரூபாயை ஒட்டி இருந்தது. பிறகு 90ஐத் தாண்டிவிட்டது. கட்டணத்தை ஏற்று என்று நான் சொல்லவில்லை. கொழுந்து பறிக்கும் பெண்ணின் கூலியில் இந்த இடைவெளியை அடைக்கக் கூடாது. அடைக்க வேண்டியது அரசு.

ஒரு டிரிப் எப்படிச் சாகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. காலையில் ஒரு வண்டி பிரேக் டவுன், ஸ்பேர் பஸ் இல்லை. அல்லது டிரைவர் வரவில்லை, மாற்று ஆள் இல்லை. கோவை வண்டியை நிறுத்தினால் கலெக்‌ஷன் போகும். ஆகவே மஞ்சூருக்கு அப்பால், பந்தலூர்ப் பக்கம், ஏதோ ஒரு படுகர் ஹட்டிக்கோ எஸ்டேட் டிவிஷனுக்கோ போகும் சாயங்கால ஒற்றை டிரிப் நிற்கும். காட்டெருமையும் யானையும் நடமாடும் பாதையில் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் இருட்டில் நடக்கிறார்கள். சில மாதங்களில் வசதி உள்ளவர் இருசக்கர வாகனம் வாங்குகிறார், மற்றவர்கள் ஜீப்பில் தொற்றிக்கொள்கிறார்கள். அடுத்த ஆய்வில், ‘இந்தத் தடத்தில் பயணிகள் இல்லை’ என்ற வரி எழுதப்படுகிறது. அதோடு சரி. சாலை கெட்டதால் நின்ற டிரிப்பும் அப்படியே, சாலை சரியான பிறகும் திரும்புவதில்லை.

பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதமே தொடங்கியது. ஆனால் அது நகரப் பேருந்துகளுக்கு என்று வரையறுக்கப்பட்டதால் மலைப்பெண்கள் வெளியே நின்றார்கள். 2024 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில்தான் மலைப்பகுதிகளுக்கும் விரிவாக்கம் அறிவிக்கப்பட்டது. இப்போது சீட்டு இலவசம். ஏறுவதற்குப் பேருந்து வர வேண்டும். பெண்கள் செய்த பயணத்துக்கு அரசு கழகத்துக்கு ஈடு தருகிறது, நிறுத்தப்பட்ட டிரிப்பால் செய்ய முடியாமல் போன பயணத்துக்கு எந்தக் கணக்கும் இல்லை. 2025 ஏப்ரலில் ஊட்டியில் 700 படுக்கைகளுடன் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டது. கூடலூரிலிருந்து அதற்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர், பந்தலூரிலிருந்து இன்னும் தூரம். காலை முதல் பேருந்து வராவிட்டால் புறநோயாளிச் சீட்டு அன்றைக்கு இல்லை.

வழி இல்லாமல் இல்லை. சென்னை வியாசர்பாடியிலிருந்து 2025 ஜூன் 30 முதல் ஓடும் மின்பேருந்துகளுக்கு, ஏறிய ஆளைப் பார்க்காமல் ஓடிய கிலோமீட்டருக்குத் தனியார் நிறுவனத்துக்குப் பணம் தருகிறார்கள். அதே முறையில் மலைத்தடங்களுக்குக் கழகத்துக்கே பணம் தரலாம். சுவிட்சர்லாந்தின் திச்சீனோ மாநிலத்தில் 2017 முதல் இரவு தங்கும் விருந்தினருக்குப் பேருந்தும் ரயிலும் இலவசம். அதற்கான பணத்தில் சுற்றுலா வரிக்கும் பங்கு உண்டு. நம் இ-பாஸுக்குக் கட்டணமே கிடையாது. அதற்கு ஒரு தொகை வைத்து, அதை வடிகாலுக்கும் பேருந்துக்கும் மட்டும் என்று சட்டப்படி ஒதுக்கி வைக்கலாம். பொதுக் கணக்கில் சேர்த்தால் ஊட்டி படகு இல்லத்துக்கு அலங்கார விளக்கு வாங்கத்தான் போகும் என்பது என் அச்சம். சீசனில் சுற்றுலாப் பயணிகளுக்கு ஓட்டும் சுற்றுப் பேருந்துகளையும் கிராம டிரிப்பிலிருந்து பிடுங்கி விடக் கூடாது.

இப்படியே விட்டால் முடிவு கணிக்கக் கடினமானது அல்ல. பேருந்து குறையும், ஜீப்பும் இருசக்கர வாகனமும் பெருகும், சாலை மேலும் உடையும், அடுத்த பெருமழையில் துண்டிக்கப்படும் ஊர்களுக்கு மாற்று வண்டியும் இருக்காது.

நீலகிரியில் இருப்பவர்கள் அடுத்த கிராம சபையில் மூன்று கணக்கு கேளுங்கள்: உங்கள் ஊருக்கு அட்டவணையில் உள்ள டிரிப் எத்தனை, போன மாதம் ஓடியது எத்தனை, உங்கள் சாலையின் வடிகால் கடைசியாக எப்போது வாரப்பட்டது. அங்கே பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், 30 நாட்களுக்குள் பதில் தந்தாக வேண்டும்.