கதவின் பாரம் சுமக்கும் சுருள்வில்

காலை வேளையில் கடைவீதி வழியே செல்லும்போது, கடைக்காரர் ஒருவர் குனிந்து ஷட்டரின் கைப்பிடியைப் பற்றி, ஒரே வீச்சில் அதை மேலே தள்ளிவிடுவதைக் கண்டிருப்பீர்கள். மூன்று மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் உயரமும் உள்ள இரும்பு ஷட்டர் ஏறத்தாழ 100 கிலோ எடை இருக்கும். மெலிந்த மனிதர் ஒருவர் அதை மூச்சு வாங்காமல் உயர்த்துகிறார் என்றால், அது அவருடைய புயவலிமை அன்று. மேலே தகட்டுப் பெட்டிக்குள் மறைந்திருக்கும் சுருள்வில்லின் வேலை. ஸ்பிரிங் என்று நாம் அன்றாடம் வழங்குவது அதைத்தான். மோட்டார்ப் பட்டறை, கிடங்கு, லாரி ஷெட் போன்ற இடங்களின் பெரிய கதவுகளுக்கு அந்த வில்லை எவ்வாறு தேர்ந்தெடுப்பது, எவ்வாறு பேணுவது என்பதை இன்று விளக்க விரும்புகிறேன்.

ஷட்டர் மூடியிருக்கும்போது அதன் எடை முழுவதும் தொங்குகிறது. அந்த நேரத்தில்தான் வில்லும் மிக இறுக்கமாக முறுக்கப்பட்டிருக்கிறது. ஷட்டர் மேலே சுருளச் சுருளத் தொங்கும் எடை குறைகிறது. வில்லின் முறுக்கும் அதற்கு ஈடாகத் தளர்கிறது. வில் எவ்வளவு மாறுபடுகிறதோ அந்த அளவுக்கு அதன் எதிர்விசையும் மாறும் என்று ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்ட விதி, நம் கடைவாசலில் நாள்தோறும் இப்படி மெய்ப்பிக்கப்படுகிறது. அமெரிக்காவில் 1921-இல் சி. ஜி. ஜான்சன் என்பவர் மேல்நோக்கி ஏறிக் கூரையின் கீழே படுத்துக்கொள்ளும் கதவை அமைத்தார். அவ்வகைக் கதவுகளில் இன்று நிலைக்கு மேலே ஓர் இரும்புத் தண்டும், அதன்மேல் முறுக்குவில்லும், இருபுறமும் கம்பிவடமும் இருக்கும். உருவம் வேறு, தத்துவம் ஒன்றே.

இவ்வில்லில் அடங்கியிருக்கும் ஆற்றலைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஷட்டரின் மேற்பட்டை சிறிதளவே உயர்கிறது, அடிப்பட்டையோ 2.4 மீட்டரும் ஏறுகிறது. சராசரி ஏற்றம் 1.2 மீட்டர். 100 கிலோவை அவ்வளவு உயர்த்தத் தேவையான ஆற்றல் ஏறத்தாழ 1,176 ஜூல். 60 கிலோ எடையுள்ள ஒரு மனிதன் 2 மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது தரையில் மோதும் ஆற்றலும் இதுவே! மூடிய கதவின் வில்லைத் திருப்புளியால் தளர்த்த முயல்பவர் எதனோடு விளையாடுகிறார் என்பது இதனால் விளங்கும். வில்லை முறுக்குவதும் தளர்த்துவதும், துளைக்குச் சரியாகப் பொருந்தும் கம்பிகளைக் கொண்டு, பழகிய கைகள் செய்யவேண்டிய வேலை.

இனித் தேர்வு. கதவின் உண்மையான எடையை அறியாமல் வில் வாங்குவது, காலை அளக்காமல் செருப்பு வாங்குவது போன்றது. கம்பியின் பருமனில் சிறு வேறுபாடும் பெருவிளைவைத் தரும். ஏனெனில் முறுக்குவில்லின் விறைப்பு, கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 6 மில்லிமீட்டர்க் கம்பி இருந்த இடத்தில் 6.5 மில்லிமீட்டர்க் கம்பியைப் போட்டால், மற்ற அளவுகள் மாறாதபோது, விறைப்பு ஏறத்தாழ 38 விழுக்காடு கூடிவிடும். ‘கொஞ்சம் தடிப்பாக இருந்தால் நல்லதுதானே’ என்னும் கடைவீதிப் பேச்சு இங்கே செல்லாது.

எடைக்கு அடுத்தபடி கேட்கவேண்டிய கேள்வி, கதவு நாளொன்றுக்கு எத்தனை முறை திறக்கப்படும் என்பது. இதைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. எஃகு வயதால் மட்டும் மூப்படைவதில்லை; மீண்டும் மீண்டும் வளைக்கப்படுவதால் களைப்படைகிறது. ஜெர்மானியப் பொறியியலர் ஆகஸ்ட் வோலர், ரயில் அச்சுகள் தாங்கக்கூடிய சுமையிலேயே பலமுறை சுழன்றபின் முறிவதை ஆராய்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இவ்வுண்மையை நிலைநாட்டினார். மேலேறும் கதவுகளுக்கு வழக்கமாகக் கிடைக்கும் வில், 10,000 முறை திறந்து மூடுவதற்கென்று கணக்கிடப்பட்டது. நாளுக்கு மூன்று முறை திறக்கும் வீட்டுக் கதவில் அது ஒன்பது ஆண்டு உழைக்கும். நாளுக்கு நாற்பது முறை வண்டிகள் வந்துபோகும் பட்டறையில் அதே வில்லின் ஆயுள் 250 நாள்! அத்தகைய இடத்திற்கு 50,000 அல்லது 1,00,000 முறைக்கென வகுத்த வில்லையே கேட்டு வாங்கவேண்டும். கம்பியைப் பத்து விழுக்காடு தடிப்பாக்கி, விறைப்பு மாறாதபடி சுற்றுகளையும் 46 விழுக்காடு கூட்டினால், எஃகின்மேல் விழும் தகைவு ஏறக்குறைய கால்பங்கு குறைகிறது. ஆயுளோ பன்மடங்கு நீள்கிறது. விலை கூடும், உண்மைதான். ஆனால் வில் முறியும் நேரத்தில் கதவின்கீழ் நிற்கப்போவது பணம் அன்று, ஒரு தொழிலாளி.

பேணும் முறை எளிது. மாதம் ஒருமுறை கதவைப் பாதி உயர்த்தி மெல்லக் கையை விடுங்கள். மின்விசையால் இயங்கும் கதவாயின், அது மூடியிருக்கும்போதே மோட்டாரின் பிணைப்பை முதலில் நீக்கவேண்டும். நடுவில் நின்றால் நலம். கீழே சரிந்தால் வில் சோர்ந்துவிட்டது. தானே மேலே ஓடினால் முறுக்கு மிகுதி. சுருள்களின்மேல் மெல்லிய எண்ணெய் தடவுவது துருவைத் தடுக்கும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று எஃகில் நுண்குழிகளை அரிக்கும். முறிவு பெரும்பாலும் அத்தகைய குழியில்தான் தொடங்குகிறது. பக்கத் தடங்களில் மட்டும் கிரீஸ் பூசவேண்டாம். புழுதி ஒட்டி, கதவே இறுகிப்போகும். இரண்டு வில்களில் ஒன்று முறிந்தால் மற்றதையும் சேர்த்து மாற்றிவிடுவது அறிவுடைமை. அதுவும் அத்தனை முறை உழைத்ததுதானே!

பெயர்ப்பலகைத் தகட்டை ஷட்டரிலேயே அடித்துவிடும் கடைகளையும், ஒரு பூச்சின்மேல் மறு பூச்சாக ஆண்டுதோறும் வர்ணம் ஏற்றும் கிடங்குகளையும் நான் பார்த்ததுண்டு. எடை கூடுகிறது, வில் மட்டும் பழையதே. பிறகு, ‘ஷட்டர் கனக்கிறது, மோட்டார் பொருத்துங்கள்’ என்கிறார்கள். மோட்டார் கதவை நகர்த்துவதற்கே உரியது. பாரத்தைத் தாங்கவேண்டியது வில்தான். சோர்ந்த வில்லோடு மோட்டாரைப் பூட்டினால் குறை கண்ணுக்குத் தெரியாமல் மறைகிறது; மோட்டாரும் விரைவில் தேய்கிறது.

புதிய வில் பொருத்தும் நாளன்று, தேதியையும், அது எத்தனை முறைக்கு உரியது என்பதையும் நிலைக்கு அருகே சுவரில் வர்ணத்தால் எழுதி வைக்கச் சொல்லுங்கள். நாளுக்கு எத்தனை முறை கதவு திறக்கிறது என்பதை ஒரு வாரம் எண்ணினால் போதும். அடுத்த வில் வாங்கவேண்டிய மாதம் எது என்பதை உங்கள் வகுப்புக் கணக்கே சொல்லிவிடும்.