நல்லூர் இராசதானியில் ஒரு வலம்

நல்லூர் என்றதும் கந்தசுவாமி கோயிலும் அதன் இருபத்தைந்து நாள் திருவிழாவுமே நம்மவர் நினைவுக்கு வருகின்றன. வெண்மணல் வீதியில் அங்கப் பிரதட்சிணம் செய்வோரும் கர்ப்பூரச் சட்டி ஏந்துவோரும், தாம் ஒரு பழைய தலைநகரின் மண்ணை மிதித்து நிற்பதை எண்ணிப் பார்ப்பது அரிது. கண்டி, அநுராதபுரம், பொலன்னறுவை என்று பாடசாலைப் பிள்ளைகளைப் பேருந்துகளில் ஏற்றிச் செல்லும் நாம், காலாற நடந்து ஒரு முற்பகலிற் பார்த்து முடிக்கத்தக்க நமது இராசதானியை மறந்திருக்கின்றோம். கல்லூரி மாணவர் சிலரைக் கூட்டிக்கொண்டு நல்லூரை வலம் வருவது பெரும் பயன் தரும் ஒரு கல்வியாகும்.

ஆரியச்சக்கரவர்த்திகள் எனப்படும் யாழ்ப்பாண மன்னர் 13ஆம் நூற்றாண்டு தொடக்கம் வட இலங்கையை ஆண்டவர்கள். 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த அராபிய யாத்திரிகர் இபின் பதூதா இம்மரபின் மன்னர் ஒருவரைக் கண்டு, அவருடைய கப்பல்களையும் முத்துகளையும் வியந்து எழுதியுள்ளார். 15ஆம் நூற்றாண்டின் நடுவிற் கோட்டை இராச்சியத்தின் படைத்தலைவன் சப்புமால் குமாரன், தமிழிற் செண்பகப் பெருமாள் எனப்படுவோன், யாழ்ப்பாணத்தை வென்று சில காலம் ஆண்டான். 1467 அளவில் அவன் தெற்கே திரும்பியபின் பழைய அரச மரபு மீண்டும் தலையெடுத்தது. அதன்பின் 1619இல் போர்த்துக்கேயர் இரண்டாம் சங்கிலியைச் சிறைப்பிடிக்கும்வரை நல்லூரே தலைநகராக விளங்கிற்று. சிறைப்பட்ட மன்னன் கோவைக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே கொல்லப்பட்டான்.

நமது வலத்தைக் கந்தசுவாமி கோயிலிலேயே தொடங்குவோம். இன்று நாம் வணங்கும் கோயில் அரசர் காலத்துக் கோயில் அன்று. அதனைப் போர்த்துக்கேயத் தளபதி பிலிப்பே தெ ஒலிவேரா 1621இல் இடித்துத் தரைமட்டமாக்கினான். இப்போதைய கோயில் ஒல்லாந்தர் ஆட்சியில், 1734ஆம் ஆண்டளவில், இரகுநாத மாப்பாண முதலியாரால் வேறிடத்தில் எழுப்பப்பட்டது. எனினும், இங்கே திருவிழாக் காலத்திற் கூறப்படும் கட்டியத்திற் புவனேகபாகு என்னும் பெயர் இன்றும் ஒலிக்கின்றது. கோட்டையிலிருந்து வந்த செண்பகப் பெருமாளே அவன் என்பர் ஒருசாரார். யாழ்ப்பாண மன்னனின் மந்திரி ஒருவனே அவன் என்பர் வேறொருசாரார். எவ்வாறாயினும், கோயிலைக் கட்டியவனின் பெயரை நூற்றாண்டுகள் கடந்தும் நாவிற் காத்து வைத்திருக்கும் நன்றியுணர்வு போற்றத்தக்கது.

தலைநகரின் எல்லையை அறிய விரும்புவோருக்கு நான்கு கோயில்கள் வழிகாட்டுகின்றன. கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், மேற்கே வீரமாகாளியம்மன், தெற்கே கைலாயநாதர், வடக்கே சட்டநாதர் என நாற்றிசைக்கும் காவலாக ஆலயங்கள் அமைக்கப்பட்டன என்று யாழ்ப்பாண வைபவமாலை கூறும். மதில்கள் மறைந்துவிட்டன. மாளிகைகள் மண்ணாயின. ஆயினும் திசைகாட்டும் தெய்வங்கள் மக்களின் வழிபாட்டினால் நிலைபெற்றன. மாணவர் கையில் ஒரு வரைபடத்தைக் கொடுத்து இந்நான்கு இடங்களையும் குறிக்கச் சொன்னால், அழிந்த நகரம் ஒன்று தாளின்மேல் எழுவதை அவர்களே காண்பார்கள்.

பருத்தித்துறை வீதியிற் சென்றால் முத்திரைச் சந்தியை அடைகின்றோம். வாளேந்திய சங்கிலியன் சிலை இங்கே நிற்கின்றது. இது 1974இல் நிறுவப்பட்டு 2011இற் புதுப்பிக்கப்பட்டது. அருகே புனித யாக்கோபு தேவாலயம் உள்ளது. அரசர் காலத்துக் கந்தசுவாமி கோயில் நின்ற இடம் இதுவே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அப்பாலுள்ள யமுனா ஏரி பெயரளவில் ஏரியே தவிர, உண்மையிற் பகர வடிவாக அமைந்த ஒரு கேணி. யமுனை நதியின் நீரைக் காவடிகளிற் கொணர்ந்து அரசன் இதிற் சேர்ப்பித்தான் என்பது பழங்கதை.

இனிச் சங்கிலித்தோப்பில் தனித்து நிற்கும் தோரண வாயிலையும், அதற்கு அணித்தாயுள்ள மந்திரி மனையையும் காண்போம். இவ்விடத்தில் மாணவர் தவறாது கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: “ஐயா, இவை மெய்யாகவே அரசர் காலத்துக் கட்டடங்களா?” வழிகாட்டி செல்லும் ஆசிரியருக்கு இதுவே சோதனை. “ஆம்” என்று சொன்னாற் பிள்ளைகளின் முகம் மலரும். ஆனால் மந்திரி மனையின் வளைவுகளும் தூண்களும் மரவேலைகளும் ஐரோப்பியர் வருகைக்குப் பிற்பட்ட கைவண்ணத்தைக் காட்டுகின்றன. அமைச்சர் மனை இருந்த நிலத்திற் பிற்காலத்தில் எழுந்த கட்டடம் இது என்று அறிஞர் கருதுகின்றனர். தோரண வாயிலைப் பற்றியும் இத்தகைய ஐயம் உண்டு.

ஆகவே, கண்ணாற் காணும் கல், வழிவழியாகக் கேட்கும் கதை, ஏட்டில் எழுதிய சான்று ஆகிய மூன்றையும் மாணவர் பிரித்தறியப் பழகுதல் வேண்டும். வைபவமாலையை மாதகல் மயில்வாகனப் புலவர் இயற்றியது ஒல்லாந்தர் காலத்தில். அஃதாவது, அரசு வீழ்ந்து நூறாண்டுக்கு மேல் ஆனபின். அந்நூலை அப்படியே நம்புதலும் தகாது, தள்ளிவிடுதலும் தகாது. அதன் கூற்றுகளைச் சுவாமி ஞானப்பிரகாசர் தமது யாழ்ப்பாண வைபவ விமர்சனத்திற் போர்த்துக்கேயர் குறிப்புகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். அவர் காட்டிய அந்நெறியே நமக்கும் உரியது. உள்ளதை உள்ளபடி சொல்வதால் நமது வரலாறு சிறுமையடையாது. மிகைப்படச் சொல்லி, பின்னர் அது பொய்யென்று பிள்ளைகள் அறிய நேர்ந்தால், மெய்யான பெருமையையும் அவர்கள் ஐயுறுவர்.

மெய்யான பெருமைக்கோ இங்கே குறைவில்லை. நந்தி இலச்சினையும் ‘சேது’ என்னும் எழுத்தும் பொறித்த காசுகளை இம்மன்னர் வெளியிட்டனர். செகராசசேகரம், பரராசசேகரம் என மன்னர் பெயர் பூண்ட மருத்துவ நூல்கள் எழுந்தன. அரசகேசரி இரகுவமிசத்தைத் தமிழ்ச் செய்யுளிற் பாடினார். கல் அழிந்த இடத்திலும் சொல் அழியாது நின்றது.

ஆனாற் கல்லைக் காப்பதும் நம் கடனே. பழைய சுண்ணச் சுவர்களுக்கு மாரி மழையைவிடக் கொடிய பகை நம்முடைய அசட்டையாகும். பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று பலகை நாட்டிவிட்டாற் போதாது. கூரை பிரிந்த மனையுள் நீர் இறங்கும், சுவரில் ஆலும் அரசும் வேர்விடும். சுவரிற் பெயர் கிறுக்கும் வழக்கத்தையும் இளைஞர் விட்டொழித்தல் வேண்டும். பிற்காலத்துக் கட்டடமே ஆயினும் மந்திரி மனை நமது தச்சரும் கொத்தரும் விட்டுச்சென்ற கைத்திறன். அரசர் காலத்தது அன்று என்பதற்காக அதனை அழியவிடலாகாது.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறை நாளில், வெயில் ஏறுமுன், பிள்ளைகளுடன் நல்லூரைச் சுற்றி நடந்து பாருங்கள். வீடு திரும்பியதும் பெட்டியில் உள்ள பழைய காணி உறுதியை எடுத்து, அதில் எழுதியுள்ள காணியின் பெயரை அவர்களைக் கொண்டு வாசிப்பியுங்கள். நமது ஊர்களில் ஒவ்வொரு காணிக்கும் ஒரு பெயருண்டு. சங்கிலித்தோப்பு, பண்டாரக்குளம் போன்ற பெயர்களே நல்லூரின் பழமையை இன்றுவரை சொல்லி வந்தன. உங்கள் காணியின் பெயர் எதனைச் சொல்கின்றது என்பதைப் பேரனிடம் எடுத்துரைக்கப் பாட்டனார் இருக்கும்போதே கேட்டறிந்து எழுதி வையுங்கள்.