மண் மலையும் சுரங்க நீரும்: நெய்வேலியின் ஏரிப் பூங்கா

கடலூர் மாவட்டத்துச் சமவெளியில் அமைந்த நெய்வேலியில் இயற்கையான மலை ஏதுமில்லை; நகரியத்திலிருந்து சுரங்கப் பக்கம் செல்வோர் தொலைவில் காணும் நீண்ட மேடுகள், பழுப்பு நிலக்கரிக்கு மேலிருந்த மண்ணை வெட்டிக் குவித்ததால் உருவானவை. முதல் சுரங்கத்தில் நிலக்கரி எடுத்து முடித்து மண் நிரப்பிய பகுதியில் புல்வெளியும் மரங்களும் படகுக் குளமுமாக அமைந்துள்ள பூங்காவில், மேடு, நீர், தோட்டம் ஆகிய மூன்றும் ஒரே பள்ளத்திலிருந்து பிறந்தவை என்பதை அறிந்து பார்த்தால்தான் அந்த இடம் முழுமையாக விளங்கும்.

1930களில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கரிய பொருளே இவ்வூரின் தலைவிதியை மாற்றியது. இந்தப் பழுப்பு நிலக்கரியை வெட்டியெடுக்கும் நிறுவனம் 1956இல் தொடங்கப்பட்டு, அடுத்த ஆண்டு அகழ்வுப் பணி ஆரம்பமானபோதிலும், நிலக்கரிப் படுகை கண்ணில் பட 1961 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குக் காரணம், படுகையின் மேல் பல இடங்களில் 50 மீட்டருக்கும் அதிகமான தடிப்பில் மண்ணும் மணற்பாறையும் மூடியிருந்ததுதான். ஒரு டன் நிலக்கரி கிடைக்க 5 கன மீட்டருக்கு மேல் மண்ணை அகற்ற வேண்டும். ராட்சதச் சக்கரத்தின் விளிம்பில் வாளிகள் பொருத்திய அகழ்வு இயந்திரங்கள் சுரண்டியெடுக்கும் மண், கன்வேயர் பெல்ட் வழியே செல்கிறது. முதல் வெட்டில் கிடைத்த மண்ணைக் கொட்டக் காலிப் பள்ளம் இல்லாததால் அது வெளியே மலையாயிற்று; பின்னர் வெட்டியது பழைய பள்ளத்தையே நிரப்பியது.

குளத்தில் நிற்கும் சுரங்க நீரின் கதை இன்னும் சுவையானது. நிலக்கரிப் படுகைக்குக் கீழே, மேல்நோக்கி அழுத்தும் நிலத்தடி நீர்த்தாங்கி ஒன்று உள்ளது. அதை அப்படியே விட்டால் சுரங்கத்தின் தரை பிளந்து நீர் பீறிட்டு எழும். ஆகவே ஆழ்துளைக் கிணறுகள் வழியே இரவு பகலாக நீர் இறைக்கப்பட்டு, அனல்மின் நிலையங்களுக்கும் குடிநீருக்கும் பயன்படுகிறது; சுரங்கத்தில் சேரும் நீரும் வெளியேற்றப்பட்டு, வாலாஜா ஏரி போன்ற நீர்நிலைகள் வழியே பாசனத்துக்கும் உதவுகிறது.

ஆழத்திலிருந்து வந்த மண்ணில் மட்குப் பொருளும் நுண்ணுயிரும் மிகக் குறைவு. ஒரே மழையில் சரிவெங்கும் விரல் தடிமனில் ஓடைகள் அரித்து, வேர்களை வெளியே காட்டிவிடும். அதனால்தான் சரிவுகளைப் படிப்படியாக வெட்டி, தொழுவுரமும் பசுந்தாள் உரமும் இட்டு, மரக்கன்றுகளை ஊன்றிப் பல ஆண்டுகள் காக்க வேண்டியிருக்கிறது. சுரங்க நிலத்தை மக்களுக்கான இடமாக மாற்றுவது நெய்வேலியில் மட்டும் நடந்ததல்ல; ஜெர்மனியின் லவுசிட்ஸ் பகுதியில் கைவிடப்பட்ட நிலக்கரிப் பள்ளங்கள் ஏரிகளாயின. அங்குள்ள சென்ஃப்டன்பெர்க் ஏரி 1973இலேயே மக்களுக்குத் திறக்கப்பட்டது.

பூங்காவின் நிழல் இதமானது, பாராட்டத்தக்கது. எனினும் சுரங்கத்துக்காக வீடும் முந்திரித் தோப்பும் வயலும் விட்டு வேறிடம் பெயர்ந்த குடும்பங்களின் ஊர்ப் பெயர்களை அங்கே ஒரு பலகையில் எழுதிவைப்பது, அந்த மண்ணுக்குச் செய்யும் குறைந்தபட்ச நியாயமாகும்.