பாலைத் திரிபும் பீத்தோவனின் சுருதிப் பெயர்ச்சியும்

சிலப்பதிகார உரைகள் விளக்கும் பாலைத் திரிபை மேலையிசையின் சுருதிப் பெயர்ச்சியோடு ஒன்றெனக் கொள்வது பொருந்தாது. செம்பாலையின் (அரிகாம்போதி) துத்தம் குரலானால் படுமலைப்பாலை (நடபைரவி) பிறக்கும். சுரங்கள் ஏழும் அவையே. சொனாட்டாவிலோ ஆதாரம் பெயர்கையில் புதுச் சுரங்கள் புகுகின்றன. மேஜர் சுருதியில் அமைந்த முதற்பகுதியில் இரண்டாம் கருப்பொருள் வழக்கமாகப் பஞ்சமத்தை ஆதாரமாக்கும். சி மேஜருக்கும் ஜி மேஜருக்கும் ஆறு சுரங்கள் பொது. பீத்தோவன் 1803–04இல் இயற்றிய ‘வால்ட்ஸ்டைன்’ பியானோ சொனாட்டாவில் அது அந்தர காந்தாரத்தை ஆதாரமாகக் கொண்ட இ மேஜருக்குத் தாவுகிறது. காந்தாரம், தைவதம், நிடாதம் ஆகிய மூன்றே பொதுச் சுரங்கள். செவியின் வியப்பு இவ்வெண்ணிக்கையில் தொடங்குகிறது. தம்புராவின் மாறாச் சட்சத்தில் பழகியோர்க்கு அது இன்னும் கூர்மையாகவே படும். மீள்வருகையிலும் அக்கருப்பொருள் முதலில் ஏ மேஜரில் ஒலித்த பின்னரே சி மேஜரை அடைகிறது.