சர்க்கரை குறைத்துப் பழ ஐஸ் – வீட்டிலேயே செய்யலாம்



கோடை இதழுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று ஆசிரியர் கேட்டார். ரயில்வே பட்டறையில் 34 ஆண்டுகள் திருப்புளியும் ஸ்பேனரும் பிடித்தவன் என்ன எழுதுவது என்று முதலில் தயங்கினேன். மாட்டுங்கா பட்டறையில் என் பணியில் பெரும்பகுதி குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுது பார்ப்பதுதான். ஓய்வு பெற்ற பிறகு அந்த அறிவு எனக்கு ஓரிடத்தில் பயன்பட்டது. எங்கள் வீட்டுச் சமையலறையில்!

2019-ல் என் துணைவியாருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. அவர் கட்டுப்பாடு மிக்கவர். அன்றோடு இனிப்பை அடியோடு நிறுத்திவிட்டார். அடுத்து வந்த மே மாதம், ரத்னகிரி ஹாபூஸ் ஒரு பெட்டி வந்தது. எல்லோருக்கும் நறுக்கித் தட்டில் வைத்தார். கடைசியில் கொட்டையைக் கையில் எடுத்து, ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுக் குப்பைக் கூடையில் போட்டார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று பழம் இறங்கவில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அல்ல. 2023-ல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அதன் வாசற்படியில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடிக்கு மேல். இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கக்கூடும். அவருக்காகவே இந்தக் கட்டுரை.

கோலா வண்டியும் குச்சி ஐஸும்

நான் பிறந்து வளர்ந்தது தாராவியில். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். பள்ளி விட்டதும் கோலா வண்டியைச் சுற்றி நிற்போம். தச்சனின் இழைப்புளியைக் கவிழ்த்து வைத்ததுபோல ஒரு கருவி. அதில் ஐஸ் கட்டியைத் தேய்த்து, தூளைக் குச்சியில் பிடித்து, சிவப்பு, பச்சை, காலா கட்டா என்று சர்க்கரைப் பாகு ஊற்றித் தருவார்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போனால் சைக்கிள் பெட்டியில் சேமியா ஐஸ், பால் ஐஸ். இரண்டிலும் பழம் என்பது பெயருக்குத்தான்.

கோலாவில் இன்னொரு சங்கடமும் உண்டு. மீனைப் பாதுகாக்கச் செய்யும் ஐஸ் குடிநீரில் செய்ததாக இருக்க வேண்டியதில்லை. அது தின்பண்டத்தில் கலந்துவிடக் கூடாது என்பதற்காகவே 2018-ல் மகாராஷ்டிராவில் உண்ணத் தகாத ஐஸுக்கு நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று விதி செய்தார்கள். வீட்டில் செய்தால் தண்ணீர் நம்முடையது. பழமும் நம் கண் முன்னே.

மேல்நாட்டில் பால் சேர்க்காமல் பழச்சாற்றை மட்டும் உறைய வைப்பதைச் ‘சார்பே’ என்கிறார்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். குடிப்பது என்ற பொருளுள்ள அரபுச் சொல்லிலிருந்து வந்ததுதான் நம் சர்பத்தும். துருக்கி, இத்தாலி வழியாகப் பிரான்ஸ் போன சார்பேயும் அதுவேதான். எங்கள் வீட்டில் இதற்குப் பழ ஐஸ் என்று பெயர்.

முதல் முயற்சியும் உடைந்த மிக்சியும்

மாம்பழ ஐஸில் சர்க்கரையை எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். பழச்சாற்றில் தண்ணீர் சேர்த்து, சர்க்கரைக்குப் பதில் இனிப்பு மாத்திரை நாலு போட்டு, டப்பாவில் ஊற்றி இரவு முழுவதும் ஃப்ரீசரில் வைத்தேன். காலையில் அது கருங்கல். கரண்டி வளைந்தது. விடுவேனா? உடைத்து மிக்சியில் போட்டேன். ஜாரின் அடியிலுள்ள கப்ளர் உடைந்தது. தப்பிய ஒரு துண்டை என் துணைவியார் வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, “ஏங்க, இது மருந்து மாதிரி இருக்கு. எனக்கு இனிப்பு வேணாம், பழம் போதும்” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் விடை இருந்தது. எனக்குப் புரியத்தான் ஒரு வாரம் ஆயிற்று.

சர்க்கரையின் இரண்டாவது வேலை

ஐஸில் சர்க்கரை இனிப்புக்காக மட்டும் இல்லை. அது உறைநிலையைக் குறைக்கிறது. தண்ணீர் பூஜ்யம் டிகிரியில் உறையும். 1 லிட்டர் நீரில் 100 கிராம் சர்க்கரை கரைத்தால் உறைநிலை சுமார் அரை டிகிரி இறங்கும். இது அற்பம்தானே என்று தோன்றும். ஆனால் முதலில் உறைவது தண்ணீர் மட்டுமே. அது பனியாகப் பிரியப் பிரிய, மிஞ்சிய நீரில் சர்க்கரையின் அடர்த்தி கூடுகிறது. அதன் உறைநிலை இன்னும் கீழே போகிறது. ஆகவே ஃப்ரீசர் கழித்தல் 18 டிகிரியில் இருந்தாலும் பனித் துகள்களுக்கு நடுவே கொஞ்சம் பாகு உறையாமல் நிற்கும். கரண்டி இறங்குவது அந்தப் பாகின் தயவால்தான். சர்க்கரை குறைந்தால் பாகு குறையும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகும்.

இனிப்பு மாத்திரை ஏன் தோற்றது என்பதும் இதனால் விளங்கும். அதில் இனிப்புப் பொருள் இம்மியளவுதான். நாக்கை ஏமாற்றலாம், தண்ணீரை ஏமாற்ற முடியாது. தவிர, உடல் எடையைக் குறைப்பதற்கென்று இத்தகைய மாற்று இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது என்றும் அதிலேயே குறிப்பு உண்டு. அவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்டு நடக்கட்டும்.

அப்படியானால் வழி? சர்க்கரை செய்த வேலையை வேறு மூவரிடம் பகிர்ந்து கொடுக்க வேண்டும்.

ஒன்று, பழத்தின் சதை. வடிகட்டிய சாற்றை விட, நாரும் பெக்டினும் உள்ள கூழ் மென்மையாக உறையும். மாம்பழம், கொய்யா, வாழைப்பழம், சப்போட்டா எல்லாம் இந்த வகை. அதனால் தண்ணீரைக் குறையுங்கள், பழத்தைக் கூட்டுங்கள்.

இரண்டு, கிளறுதல். அசையாமல் மெதுவாக உறைந்தால் பனித் துகள் பெரிதாக வளரும். அரை மணிக்கு ஒருமுறை கிளறினால் வளர விடாமல் உடைத்துவிடலாம்.

மூன்று, பொறுமை. ஃப்ரீசரிலிருந்து எடுத்து பத்து நிமிடம் வெளியே வைத்தால் தானே இளகும்.

மாம்பழ ஐஸ் செய்முறை

தேவையானவை: நன்கு பழுத்த மாம்பழச் சதை 500 கிராம், தண்ணீர் 100 மில்லி, சர்க்கரை 25 கிராம் (2 மேசைக்கரண்டி), ஒரு எலுமிச்சம்பழச் சாறு, உப்பு ஒரு சிட்டிகை.

1. தண்ணீரில் சர்க்கரையைச் சூடாக்கிக் கரைத்து, நன்றாக ஆறவிடவும்.

2. சதையோடு சேர்த்து மிக்சியில் அரைக்கவும். வடிகட்ட வேண்டாம். எலுமிச்சைச் சாறும் உப்பும் சேர்க்கவும்.

3. நாக்கில் விட்டுப் பார்க்கவும். குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும். ஆகவே இப்போது சற்றுத் தூக்கலாக இருந்தால்தான் பிறகு சரியாக இருக்கும். போதவில்லை என்றால் சர்க்கரையைத் தொடாதீர்கள். இன்னும் கொஞ்சம் எலுமிச்சையும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுப் பாருங்கள். பழத்தின் சுவை எழும்பி வரும்.

4. ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு மணி நேரம் குளிரவைத்து, பிறகு அகலமான எவர்சில்வர் தட்டில் இரண்டு விரல்கடை உயரத்துக்கு ஊற்றி ஃப்ரீசரில் வைக்கவும். ஆழமான டப்பா வேண்டாம். பரப்பு கூடினால் சீக்கிரம் உறையும். சீக்கிரம் உறைந்தால் துகள் சிறிதாகும்.

5. முக்கால் மணியில் ஓரங்கள் கட்டியிருக்கும். முள்கரண்டியால் சுரண்டி நடுவுக்குத் தள்ளிக் கலக்கவும். அரை மணிக்கு ஒருமுறை என்று நாலு தடவை இப்படிச் செய்யவும்.

6. முழுதும் மணல்போல் ஆனதும், மிக்சியில் விட்டுவிட்டு இரண்டு சுற்று மட்டும் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் அழுத்தி வைக்கவும். இந்த நிலையில் கப்ளர் உடையாது. நான் உத்தரவாதம்.

எடுத்துச் சாப்பிட எட்டுப் பங்கு வரும். ஒவ்வொன்றும் சுமார் 80 கிராம்.

கணக்குப் பார்ப்போம்

மாம்பழத்தில் 100 கிராமுக்குச் சுமார் 14 கிராம் இயற்கைச் சர்க்கரை உண்டு. 500 கிராமுக்கு 70. நாம் போட்டது 25. மொத்தம் 95. எட்டால் வகுத்தால் ஒரு பங்குக்கு 12 கிராம். வழக்கமான சார்பே செய்முறையில் எடையில் கால் பங்குக்கு மேல் சர்க்கரை இருக்கும். அதே அளவுக்கு 20 கிராமைத் தாண்டும். ஏறக்குறைய பாதியாகக் குறைத்துவிட்டோம்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. சர்க்கரை குறைவு என்றால் சர்க்கரை இல்லை என்று அர்த்தம் அல்ல. பழச் சர்க்கரையும் சர்க்கரையே. கடைப் பலகையில் ‘சர்க்கரை சேர்க்கப்படாதது’ என்று இருந்தாலும் பழத்திலுள்ளது எங்கும் போய்விடாது. டின்னில் வரும் மாங்கூழில் பெரும்பாலும் சர்க்கரை கலந்தே இருக்கும், லேபிளைப் படியுங்கள். எங்கள் டாக்டர் சொன்ன விதி இது: இந்த ஐஸ் சாப்பிடும் நாளில் வேறு பழம் கிடையாது, சாப்பாடு முடிந்த கையோடு வேண்டாம், ஒரு பங்குதான். முதல் சில முறை இரண்டு மணி நேரம் கழித்து வீட்டுக் கருவியில் ரத்தச் சர்க்கரையைப் பார்த்து ஒரு நோட்டில் குறித்தோம். அளவு எல்லைக்குள் இருந்தது. ஒருவர் உடம்பு போல் மற்றவர் உடம்பு இராது. உங்கள் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்க வேண்டாம்.

மற்ற பழங்கள்

கொய்யா: 100 கிராமுக்குச் சுமார் 9 கிராம்தான் சர்க்கரை, நாரும் பெக்டினும் ஏராளம். எங்கள் வீட்டில் முதல் பரிசு இதற்குத்தான். அரைத்து விதையை மட்டும் வடிகட்டி, மேலே மிளகாய்த் தூளும் உப்பும் தூவுங்கள். மும்பையில் கொய்யாவைத் தின்னும் முறையே அதுதானே!

தர்பூசணி: 6 கிராம்தான். ஆனால் முழுக்க நீர். மென்மையை எதிர்பார்க்காதீர்கள். சுரண்டிய பூப்போல இருக்கும். புதினாவும் எலுமிச்சையும் சேர்த்தால் பழைய கோலா நினைவு வரும்.

கறுப்பு திராட்சை: குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் மூலக்கூறுகள் சாதாரணச் சர்க்கரையின் மூலக்கூற்றில் ஏறக்குறைய பாதி எடை, ஆகவே அதே எடைக்கு உறைநிலையை ஏறக்குறைய இரு மடங்கு குறைக்கும். திராட்சையில் இவையே பெரும்பகுதி என்பதால் ஐஸ் தானாகவே மென்மையாக வரும். ஆனால் 100 கிராமுக்கு 16 கிராம் சர்க்கரை, பங்கைப் பாதியாக்குங்கள்.

கோகம்: புளிப்பு அதிகம்; சரிக்கட்டச் சர்க்கரை நிறைய வேண்டும். தனியாகச் செய்யாமல் தர்பூசணியில் இரண்டு கரண்டி ஊற்றினால் அழகான நிறம் வரும்.

ஃப்ரீசர் சரியில்லையா?

பழைய ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் போதிய குளிர் இராது. அப்போது ஒரு வாளியில் 3 பங்கு நொறுக்கிய ஐஸுக்கு 1 பங்கு கல் உப்பு (எடையில்) போட்டு, நடுவே மூடியுள்ள எவர்சில்வர் தூக்கில் பழக்கூழை வைத்து, கைப்பிடியைப் பிடித்து இப்படியும் அப்படியும் சுழற்றுங்கள். இடையிடையே திறந்து ஓரத்தைச் சுரண்டுங்கள். உப்பு ஐஸை உருகச் செய்கிறது. 1 கிராம் ஐஸ் உருக 80 கலோரி வெப்பம் தேவை. அதைத் தூக்கிலிருந்தும் கூழிலிருந்தும் பிடுங்கிக்கொள்கிறது. உப்பும் ஐஸும் சேர்ந்த கலவை அதிகபட்சம் கழித்தல் 21 டிகிரி வரை போகும். வீட்டு வாளியில் அவ்வளவு வராவிட்டாலும் நம் வேலைக்குப் போதும். உப்புநீர் உள்ளே போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வெறுங்கையை வாளிக்குள் விடாதீர்கள். தோல் பொசுங்கியதுபோல் ஆகும்.

ரயில்வேக்காரன் என்பதால் ஒரு செய்தி. 1934-ல் பம்பாயிலிருந்து புறப்பட்ட ஃப்ரான்டியர் மெயிலில் குளிர்சாதனப் பெட்டி இணைத்தபோது, தரைக்கு அடியில் ஐஸ் கட்டிகளை அடுக்கி, அந்தக் குளிர்க்காற்றைத்தான் உள்ளே அனுப்பினார்கள். வழி நிலையங்களில் புது ஐஸ் ஏற்றுவார்கள். இன்றும் ஏ.சி. வாங்கும்போது ‘ஒன்றரை டன்’ என்கிறோமே, அது 24 மணி நேரத்தில் ஒன்றரை டன் ஐஸ் உருகினால் எவ்வளவு குளிர்ச்சியோ அந்தக் கணக்குதான்.

வாளி முறையை எங்கள் பேத்தி வந்தபோது செம்பூர் வீட்டு மாடியில் செய்தோம். “தாத்தா, உப்பு போட்டா எப்படி ஜில்லுனு ஆகும்?” என்று கேட்டாள். பட்டறையில் பயிற்சி மாணவர்களுக்குச் சொன்ன அதே பாடத்தை அவளுக்கும் சொன்னேன். அவள் கேட்டாளோ இல்லையோ, தூக்கைச் சுழற்றுவதை நிறுத்தவில்லை.

அன்று மாம்பழம். நாலு கிண்ணங்களில் வைத்தோம். என் துணைவியார் தமது கிண்ணத்தைச் சமையலறைத் தராசில் வைத்து 80 கிராம் பார்த்துக்கொண்டார். பிறகு எங்களோடு உட்கார்ந்து, சின்னக் கரண்டியால் நிதானமாகச் சாப்பிட்டார். “இப்ப பழம் தெரியுது” என்றார். அந்தச் சான்றிதழ் எனக்குப் போதும்.

நீங்களும் செய்து பாருங்கள். மாட்டுங்கா மார்க்கெட்டில் நன்கு பழுத்து விலை இறங்கிய பழமே இதற்கு ஏற்றது. அழுகல் மட்டும் இருக்கக் கூடாது. எந்தப் பழத்தில் எப்படி வந்தது என்று அடுத்த சங்கக் கூட்டத்தில் சொல்லுங்கள். கல்லாக உறைந்தால் கூச்சப்படாமல் வாருங்கள். எங்கே தவறியது என்று சேர்ந்து பார்ப்போம். ஆனால் மிக்சியை மட்டும் தொடாதீர்கள்!